காப்பாற்றப் போகிறவர் திரும்பி வர வேண்டும்

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியை அழித்த புயல், பாம்பன் ரயில் பாலத்தையும் உடைத்துப் போட்டது. ராமேஸ்வரம் தீவுக்கு அப்போது சாலைப் பாலம் கிடையாது, அது 1988-ல்தான் திறக்கப்பட்டது. கடல் அடங்கி வெளியாட்கள் வந்து சேரும்வரை தீவில் இருந்தவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரரை விட்டால் வேறு துணையில்லை. இன்றைக்குச் சாலை இருக்கிறது, புது ரயில் பாலமும் வந்துவிட்டது. ஆனாலும் பெரும் காற்றில் பாலத்தைத் தாண்டி வண்டி ஓட்ட முடியாது. உச்சிப்புளிப் பக்கம் நாலு மரம் சாய்ந்தாலே ராமநாதபுரத்திலிருந்து புறப்படும் தீயணைப்பு வண்டி பாதி வழியில் நின்றுவிடும். தீவு என்றில்லை, ராமநாதபுரம் மாவட்டக் கரையோர ஊர்களான தொண்டி, மோர்ப்பண்ணை, வாலிநோக்கம், மூக்கையூர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். முதல் சில மணி நேரம் ஊர்க்காரர்கள் கையில்தான் இருக்கிறது.

தீயணைப்பு மீட்புப் பணியில் இருக்கும் நான் கடலோரக் கிராமங்களில் இளைஞர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறேன். ஆள் சேர்ப்பது எனக்கு ஒருபோதும் சிரமமாக இருந்ததில்லை. கூப்பிட்டால் வருகிறார்கள், கூப்பிடாமலும் வருகிறார்கள். அவர்களை ஒரு நிமிடம் நிறுத்தி யோசிக்க வைப்பதுதான் பெரும்பாடு. "சார், நாங்க கடல்லயே பொறந்து வளர்ந்தவங்க, தண்ணியப் பார்த்தா பயப்படுவோமா?" என்பார்கள். அந்தத் துணிச்சல்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அதே துணிச்சல்தான் எனக்குக் கவலையும் தருகிறது.

ஜப்பானில் ஊருக்கு ஊர் 'ஷோபோதான்' என்ற தன்னார்வத் தீயணைப்புப் படை உண்டு. கடை வைத்திருப்பவர், விவசாயி, மீனவர் என்று வேறு தொழில் பார்ப்பவர்கள்தான் அதில் இருப்பார்கள். 2011 மார்ச் 11 சுனாமியில் இந்தப் படையைச் சேர்ந்த 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். கடல் மதகுகளை மூடப் போனவர்களும், நடக்க முடியாத முதியவர்களை அழைத்துவரப் போனவர்களும் அவர்களில் பலர். அதன் பிறகு அங்கே விதிகளைத் திருத்தி எழுதினார்கள். அலை வரும் என்று சொல்லப்படும் நேரத்துக்குச் சில நிமிடங்கள் முன்பே, கையில் என்ன வேலை இருந்தாலும் விட்டுவிட்டு மேட்டுக்குப் போய்விட வேண்டும். நம் ஊர்க் குழு எதிலாவது 'எப்போது நிறுத்துவது' என்று எழுதி வைத்திருக்கிறோமா?

ஜெர்மனி, ஆஸ்திரியா, சிலி நாடுகளில் தீயணைப்பு வீரர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள்தான். அவர்களுக்கு முறையான பயிற்சியும் உடுப்பும் கருவியும் உண்டு. யார் சொன்னால் நகர வேண்டும், யார் சொன்னால் நிற்க வேண்டும் என்பதில் குழப்பமே இருக்காது. நம் நாட்டிலும் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-ல் 'ஆப்த மித்ரா' என்ற பேரிடர்த் தன்னார்வலர் திட்டத்தைத் தொடங்கி, பிறகு 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் பேருக்குப் பயிற்சி தருவதாக விரிவாக்கியது. 12 நாள் பயிற்சி அது. நல்ல திட்டம். ஆனால் புயல் இரவில் ஓடி வருகிற பத்துப் பேரில் பயிற்சி பெற்றவர் ஒருவர் இருந்தால் அதிகம். மற்ற ஒன்பது பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வடகடல் (பாக் விரிகுடா), தென்கடல் (மன்னார் வளைகுடா) இரண்டும் தெரிந்தவருக்கும் தெருவில் ஓடும் வெள்ளம் புதுசுதான். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அந்த மாதிரி நாளில் கலங்கிய தண்ணீருக்கு அடியில் திறந்த சாக்கடை, கம்பி, உடைந்த ஓடு எல்லாம் கிடக்கும். வேகமாக ஓடும் தண்ணீர் 15 செ.மீ. ஆழம் இருந்தாலே பெரிய ஆளைத் தள்ளிவிடும். 60 செ.மீ. இருந்தால் கார் மிதந்து போகும். அதனால் ஒருவர் மாட்டிக்கொண்டால் முதலில் கரையில் நின்றபடி கம்பை நீட்டுங்கள். எட்டவில்லையா, கயிறு கட்டிய எதையாவது வீசுங்கள். மூடி இறுகிய காலி தண்ணீர் கேன், டயர் டியூப், வலையின் மிதவை எல்லாமே ஆளைத் தாங்கும். அப்புறம் படகு. தண்ணீரில் குதிப்பது கடைசி வழி. அப்போதும் இடுப்பில் கயிறு இருக்க வேண்டும், மறுமுனையை இரண்டு பேர் பிடித்திருக்க வேண்டும். தேங்கிய நீரில் மின்கம்பி அறுந்து கிடந்தால் லைன்மேன் வந்து இணைப்பைத் துண்டித்ததாகச் சொல்லும்வரை யாரும் கிட்டே போகக் கூடாது, உள்ளே விழுந்து கிடப்பது சொந்தத் தம்பியாக இருந்தாலும்.

இதைவிட எனக்குப் பயம் தருவது கண்ணுக்குத் தெரியாத வாயு. விசைப்படகின் அடியில் மீன் வைக்கும் அறையில் அழுகிய மீனும் தண்ணீரும் சில நாள் மூடிக் கிடந்தால் ஹைட்ரஜன் சல்பைடு சேர்ந்துவிடும். கழிவுநீர்த் தொட்டியிலும் அதேதான். புயலுக்குப் பல நாள் கட்டிப்போட்ட படகைத் திறந்து சுத்தம் செய்ய ஒருவர் இறங்குகிறார், மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குகிறார். அவரும் விழுகிறார், மூன்றாமவரும் இறங்குகிறார். இந்த மாதிரி விபத்துகளில் சாகிறவர்களில் பலர் காப்பாற்ற இறங்கியவர்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்து சட்டென்று நின்றுபோனால் வாயு தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அதிக அளவில் இருந்தால் அந்த வாயு மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும். மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு இறங்குவதாலும் பயனில்லை. மூடியைத் திறந்து வையுங்கள், மேலிருந்தே காற்று அடிக்க வழி செய்யுங்கள், 101-க்குச் சொல்லுங்கள். மூச்சுக் கருவி இல்லாமல் எங்கள் ஆட்களும் இறங்க மாட்டார்கள்.

தீ விஷயத்துக்கு வருகிறேன். புயலுக்குப் பிறகு மின்சாரம் இல்லாத இரவுகளில் மெழுகுவத்தி, மண்ணெண்ணெய் விளக்கு, ஜெனரேட்டர் எல்லாம் புழங்கும். ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டினால் அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்ரோல் ஊற்றுவதும் வேண்டாம். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும். வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். டீசல், எண்ணெய் எரிந்தால் தண்ணீரை ஊற்றாதீர்கள், மணலைக் கொட்டுங்கள். நம் கரையில் மணலுக்கா பஞ்சம்?

ஓலைக் கூரை ஒன்று நன்றாகப் பிடித்துவிட்டால் அந்த வீட்டைக் காப்பாற்ற முடியாது. ஆட்கள் வெளியே வந்துவிட்டார்களா என்று பார்த்துவிட்டு, காற்று போகும் திசையில் இருக்கும் வீட்டுக்கு ஓடுங்கள். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது கிழக்கே இருக்கும் வீட்டின் ஓலையைப் பிரித்துப் போட்டு நனைத்தால் தெருவே தப்பிக்கும். காற்றைப் படிக்கக் கடலோடிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நிவாரணப் பொருள் கொண்டுவருகிறவர்களிடமும் இதே நிதானத்தைக் கேட்கிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் பழந்துணி மூட்டைகள் சாலையோரம் மலைமலையாகக் குவிந்து மழையில் மட்கிப்போயின. அன்புடன் கொடுத்தவைதான், ஆனால் கேட்டது யாரும் இல்லை. லாரி ஏற்றும் முன் அந்த ஊர் ஆளிடம் ஒரு போன் பேசுங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரை தீர்ந்துபோனவர்கள் இருப்பார்கள். நாப்கின் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் பெண்கள் இருப்பார்கள். பால்பவுடரைப் பொதுவாக அள்ளிக் கொடுப்பது நல்லதல்ல. சுத்தமான நீர் இல்லாத முகாமில் அது கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். தாய்ப்பால் கொடுக்கிற அம்மாவுக்கு நல்ல சாப்பாடும் ஒதுக்கமான இடமும் கொடுங்கள். உலக அளவில் பின்பற்றப்படும் ஸ்பியர் தரநிலை ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்கிறது. முகாம் நடத்துபவர்கள் இதைச் சுவரில் எழுதி வைக்கலாம். கழிப்பறைக்குப் போகும் வழியில் இரவு முழுக்க விளக்கு எரிய வேண்டும்.

கடல்நீர் புகுந்த கிணற்றை மோட்டார் வைத்து அடிவரை இறைத்துவிடாதீர்கள். நம் கரையில் நல்ல தண்ணீர் மெல்லிய அடுக்காக உப்பு நீரின் மேல்தான் நிற்கிறது. அவசரப்பட்டு இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலே ஏறி, அடுத்த மழைக்காலம்வரை கிணறு தேறாது. கொஞ்சம் கொஞ்சமாக இறைத்து, குளோரின் போட்டு, குடிக்க மட்டும் வெளித் தண்ணீரை வைத்துக்கொள்ளுங்கள்.

உடல்களைத் தூக்கிய பையன்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஊர் அவர்கள் தோளில் தட்டிக் கொடுத்துவிட்டு மறந்துவிடும். தூக்கம் வராமல், சாப்பிடப் பிடிக்காமல், சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிட்டு, குடியில் இறங்குகிறவர்கள் உண்டு. "ஆம்பளப் பிள்ளை, தாங்கிக்கோ" என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், பேசினால் கேளுங்கள். சில வாரங்கள் ஆகியும் மாறவில்லையென்றால் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், செப்டம்பரிலேயே ஊர்க்கூட்டத்தில் மூன்று பெயர்களை முடிவு செய்யுங்கள்: மீட்பு வேலைக்குத் தலைவர், அவர் இல்லாவிட்டால் யார், வெளியே போனவர்களின் பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு கரையில் நிற்பவர் யார். மூன்றாவது ஆள் எக்காரணம் கொண்டும் இடத்தை விட்டு அசையக் கூடாது. முதியவர், கர்ப்பிணி, மாற்றுத்திறனாளி, டயாலிசிஸ் செய்துகொள்பவர் இருக்கும் வீடுகளின் பட்டியலைப் பெண்களிடம் கொடுங்கள். அங்கன்வாடிப் பணியாளருக்கும் பாசி எடுக்கப் போகும் அக்காமார்களுக்கும் தெரியாத வீடு ஊரில் இருக்காது. தீக்கும் மீட்புக்கும் 101, ஆம்புலன்ஸுக்கு 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554. இவற்றைப் படகு என்ஜின் பெட்டியிலும் பெயிண்டில் எழுதி வையுங்கள். பயிற்சி வேண்டுமென்றால் ஊராட்சி மூலமாக அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்தில் மனுக் கொடுங்கள், ஒத்திகை நடத்தித் தருவார்கள். பெண்களையும் சேர்த்தே அனுப்புங்கள். ஆண்கள் கடலுக்குப் போயிருக்கும் நேரத்தில் கரையில் தீப்பிடித்தால் முதல் வாளியைத் தூக்கப்போவது அவர்கள்தான்.