நுனியைக் கிள்ளினால் கணு விழிப்பது ஏன்?

துளசித் தொட்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். கதிர் விடும் நுனியைக் கிள்ளிவிட்டால், சில நாட்களில் கீழ்க்கணுவில் இரண்டு பக்கமும் துளிர் எட்டிப்பார்க்கும். அவை புதிதாக உண்டானவை அல்ல. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் மொட்டாக ஏற்கெனவே முடங்கிக் கிடந்தவைதான்.

இத்தனை நாள் ஏன் முடங்கிக் கிடந்தன? பாடப்புத்தகம் சொல்லும் பதில், ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன். 1933-ல் திமான், ஸ்கூக் என்ற இரண்டு தாவர ஆய்வாளர்கள் நுனி வெட்டிய ஒருவகை அவரைச் செடியின் வெட்டுவாயில் ஆக்சினை வைத்துப் பார்த்தார்கள். பக்க மொட்டுகள் எழவில்லை. நுனியிலிருந்து இறங்கும் ஆக்சின்தான் கீழே இருப்பவற்றை அடக்கி வைக்கிறது என்று முடிவானது.

ஆனால் கணக்கு இடித்தது. ஆக்சின் தண்டில் மணிக்குச் சுமார் 1 செ.மீ. தான் நகரும். பட்டாணிச் செடியின் நுனியை வெட்டினாலோ, 40 செ.மீ. கீழே இருக்கும் மொட்டு சில மணி நேரத்திலேயே வளர ஆரம்பித்துவிடுகிறது. மேலே ஆக்சின் நின்றுபோன சேதி அங்கே வந்து சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும். அப்படியானால் முதலில் எழுப்பியது யார்?

சர்க்கரை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகக் குழு 2014-ல் இதைக் காட்டியது. செடிக்குள் சர்க்கரை மணிக்கு ஒரு மீட்டருக்கு மேல் ஓடக்கூடியது. வளரும் நுனி பெரிய சாப்பாட்டுராமன். இலைகள் சமைக்கும் சர்க்கரையில் பெரும்பங்கை அதுவே இழுத்துக்கொள்கிறது. நுனி போனதும் அந்தப் பங்கு மொட்டுகளுக்குத் திரும்புகிறது. நுனியை வெட்டாமலே கூடுதலாகச் சர்க்கரை ஏற்றியபோதும் மொட்டு எழுந்தது! எனக்கு இதுதான் அசைக்க முடியாத சாட்சியாகப் படுகிறது.

சர்க்கரை இங்கே வெறும் தீனி அல்ல, சேதியும் கூட. செடிக்குள் ஓடும் சர்க்கரையான சுக்ரோஸ் கூடும்போது டிரெஹலோஸ்-6-பாஸ்பேட் என்ற இன்னொரு சர்க்கரைப் பொருளும் மொட்டில் கூடும். அளவு மிகச் சொற்பம், வண்டியின் பெட்ரோல் முள் மாதிரி கையிருப்பைக் காட்டும் வேலை அதற்கு. இன்னொரு பக்கம், மொட்டுக்கு பிரேக் போட்டு வைத்திருக்கும் பிஆர்சி1 என்ற மரபணுவின் செயல்பாடு சர்க்கரை வந்ததும் தணிகிறது. இதன் உறவுக்கார மரபணு ஒன்று மக்காச்சோளத்தில் வலுவாக வேலை செய்வதால்தான் அது ஒற்றைத் தட்டையாக நிற்கிறது; அதன் காட்டு மூதாதையான டியோசின்டே புதராகக் கிளைக்கும்.

ஆக்சினைத் தள்ளிவிடவும் முடியாது. எழுந்த மொட்டு தொடர்ந்து கிளையாக நீள, ஆக்சின் வற்றுவதும் வேண்டியிருக்கிறது. அப்புறம், கிள்ளும்போது கீழே நல்ல இலைகள் சிலவற்றை விட்டுவையுங்கள். நுனியோடு இலைகளையும் உருவிய பட்டாணிச் செடியில் மொட்டு வளர்ச்சி மட்டுப்பட்டுப்போனது.