கிராம சபையை நாமளே கூட்ட வைக்கலாம், மனுவ தமிழ்லயே குடுக்கலாம்

கேரளா பாலக்காடு மாவட்டத்துல, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கம் நம்ம தமிழ் சனங்க தண்ணி வரலைன்னா குடத்தோட ரோட்டுக்கு வந்துருவாங்க, இல்லன்னா பஞ்சாயத்து வார்டு மெம்பர் வீட்டு வாசல்ல நின்னு சத்தம் போட்டுட்டு திரும்பிருவாங்க. அது தப்புன்னு சொல்லலீங்க. ஆனா அதோட கையில ஒரு பேப்பரும் இருக்கணும்.

பொள்ளாச்சிப் பக்கத்து சொந்தக்காரங்க சொல்ற கிராம சபை வேற, நம்மது வேற. அங்க ஊராட்சி முழுக்க சேர்ந்து ஜனவரி 26, ஆகஸ்ட் 15 மாதிரி நாள்ல கூடுவாங்க. கேரளாவுல 1994 பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி வார்டு வார்டா, 3 மாசத்துக்கு ஒருக்காவாவது கூடியே ஆகணும். அந்த வார்டு வோட்டர் லிஸ்ட்ல பேரு இருந்தாப் போதும், நீங்களும் சபைல ஒருத்தர். கூட்டற பொறுப்பு வார்டு மெம்பருக்கு, தொடர்ந்து 2 தடவை கூட்டாம விட்டா அவரு பதவியே போயிரும்.

பலருக்குத் தெரியாதது இதுதான்: வார்டு வோட்டர்ல 10 சதவீதம் பேரு என்ன விஷயம் பேசணும்னு எழுதி கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, மெம்பர் 15 நாளுக்குள்ள தனிக் கூட்டம் போடணும். 1,200 ஓட்டுன்னா 120 கையெழுத்து, ரெண்டு தெரு சுத்துனா கிடைச்சிரும். ரெண்டு சாதாரணக் கூட்டத்துக்கு நடுவுல இப்படி ஒரு தடவைதான் கேக்க முடியும், அதனால விஷயத்தை யோசிச்சு எழுதுங்க.

மலையாளம் எழுத வராதேன்னு தயங்க வேண்டாம். 1969 ஆட்சிமொழிச் சட்டத்துல தமிழ் சிறுபான்மை மக்கள் அரசாங்கத்துக்கும், சிறுபான்மைப் பகுதின்னு அறிவிச்ச எடத்துல இருக்கற உள்ளூர் அரசு ஆபீசுக்கும் தமிழ்லயே எழுதலாம், பதிலும் தமிழ்ல வரணும்னு இருக்கு. வாங்க மாட்டேன்னு சொன்னா இதைச் சொல்லுங்க, குடுத்ததுக்கு ரசீதும் கேட்டு வாங்குங்க.

எங்க வார்டு கிராம சபைல நடந்ததையும் சொல்லிடறேன். நீள நோட்டு வந்துச்சு, எல்லாரும் வரிசையா கையெழுத்துப் போட்டோம், டீயும் வடையும் வந்துச்சு, பாதிப் பேரு எந்திரிச்சுப் போயிட்டோம், நானுந்தான். அப்பறம் பார்த்தா நாங்க கேட்ட பைப் லைன் பத்தி மினிட்ஸ்ல, அதாவது கூட்டத்துல பேசுனதை எழுதி வைக்கற குறிப்புல, ஒரு வரி கூட இல்ல, ஆனா எங்க கையெழுத்து மட்டும் வரிசையா இருக்கு. அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல. அதுலருந்து தீர்மானத்தை எழுதி முடிச்சு சத்தமா வாசிக்கற வரைக்கும் நான் எடத்த விட்டு எந்திரிக்கறதில்ல.

போராட்டமும் பேப்பரும் சேர்ந்தா என்ன நடக்கும்னு பாக்க தூரமாப் போக வேண்டாம், பிளாச்சிமடை இருக்கு. 2002 ஏப்ரல் 22ல கோக்கோ கோலா கம்பெனி கேட்டுக்கு எதிர்ல பந்தல் போட்டு உக்காந்தாங்க, கிணத்துத் தண்ணி கெட்டுப் போச்சுன்னு முன்னாடி நின்னது மயிலம்மா மாதிரி ஆதிவாசிப் பொம்பளைங்க. மறு வருஷம் பெருமாட்டி பஞ்சாயத்து லைசென்சைப் புதுப்பிக்க மாட்டோம்னு முடிவு எடுத்துச்சு, கோர்ட்டு வரைக்கும் போச்சு, 2004 மார்ச்சோட கம்பெனி நின்னுச்சு. ஆனா 2010ல கமிட்டி கணக்குப் போட்ட 216 கோடி நஷ்ட ஈட்டுக்காக 2011ல சட்டசபை போட்ட மசோதாவுக்கு ஜனாதிபதி ஒப்புதல் கிடைக்கல. இத நெனச்சா இன்னும் வயிறு எரியுது.

உக்காந்து போராடறது உங்க உரிமை, அரசியலமைப்பு 19வது பிரிவுல ஆயுதம் இல்லாம அமைதியா கூடலாம்னு இருக்கு. முன்னாடியே ஸ்டேஷன்ல நாள், நேரம், எடம் எழுதிக் குடுத்துருங்க. 144 தடைன்னு நாம சொல்றது 2024 ஜூலை 1லருந்து புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 163வது பிரிவு, அது போட்டிருக்கான்னு அப்பவே கேட்டுக்குங்க. ரோட்டை நாள் கணக்கா மறிச்சு உக்கார முடியாதுன்னு 2020ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு, ஓரமா பந்தல் போடுங்க.

மினிட்ஸ் காப்பி குடுக்கலைன்னா தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க, 10 ரூபா பீஸ், 30 நாளுக்குள்ள பதில் வரணும், பிபிஎல் கார்டு இருந்தா அந்த 10 ரூபாயும் வேண்டாம்.