சொல் விளக்கம்: மிஷனரி

'உள்ளூர் இசை விழாவில் மிஷனரி அவுட்ரீச்' என்று சபை அறிவிப்பில் வந்தால் யாருக்கும் அகராதி தேவைப்படாது. அதையே தமிழில் எழுத உட்கார்ந்தால்தான் கை தயங்குகிறது: மதபோதகர் என்பதா, மறைபரப்புநர் என்பதா, ஊழியர் என்பதா?

லத்தீனில் 'மிட்டெரே' என்றால் அனுப்புதல். அதில் பிறந்த 'மிஸ்ஸியோ', தந்தையாகிய கடவுள் மகனை உலகுக்கு அனுப்பியதைக் குறிக்கும் இறையியல் சொல்லாகவே நெடுங்காலம் இருந்தது. தொலைதேசம் போய் நற்செய்தி சொல்லும் வேலைக்கு அதை வழங்கத் தொடங்கியவர்கள் 16ஆம் நூற்றாண்டின் இயேசு சபையார் என்னும் கத்தோலிக்கத் துறவியர். ஆக, மிஷனரி என்பவர் அனுப்பப்பட்டவர். கிரேக்கத்தின் 'அப்போஸ்தொலோஸ்' என்பதற்கும் இதே பொருள்தான். பழைய தமிழ் வேதாகமம் அதை 'அப்போஸ்தலர்' என்று ஒலிபெயர்த்தது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'திருத்தூதர்' என்றது.

தூது நமக்குப் பழைய சொல். வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வைத்து, தூதுரைப்பவருக்கு இன்றியமையாதவை அன்பு, அறிவு, ஆராய்ந்த சொல்வன்மை என்கிறார். அன்பை முதலில் வைத்ததை இசை விழாவுக்குப் போகிற ஒவ்வொருவரும் மனத்தில் கொள்ள வேண்டும். அங்கே வந்தவர்கள் பாட்டுக் கேட்க வந்தவர்கள். விழாக் குழுவிடம் அனுமதி பெற்று ஓரமாக ஒரு கூடாரம் போட்டு, களைத்து வருபவருக்குக் குடிநீரும் உட்கார நாற்காலியும் கொடுத்து, கேட்டால் மட்டும் கைப்பிரதியை நீட்டுகிறவர் தூதர். ஒலிபெருக்கி அலறும்போது காதருகே கத்திப் பிரசங்கிப்பவருக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

மற்றச் சொற்களுக்கு வருவோம். 'மறைபரப்புநர்' கத்தோலிக்க வழக்கில் நிலைத்த நல்ல சொல். ஆனால் பரப்புவது தெரிகிறதே தவிர, அனுப்பப்பட்டது தெரியவில்லை. 'ஊழியம்' புராட்டஸ்டன்ட் எனப்படும் சீர்திருத்தச் சபைகளின் செல்லச் சொல். திருவிதாங்கூரில் கூலியில்லாமல் வாங்கிய கட்டாய வேலைக்கும் இதே பெயர்தான். எளியோரை அழுத்திய அந்தச் சொல் இன்று மனமுவந்து செய்யும் தொண்டைக் குறிப்பது எனக்குப் பெரிய ஆறுதல். என்றாலும் சபையில் எந்தப் பணி செய்தாலும் ஊழியம்தான் என்பதால், மிஷனரியைத் தனித்துக் காட்ட அது போதாது. 'மதமாற்றுபவர்' மொழிபெயர்ப்பே அல்ல, ஒரு தீர்ப்பு.

அவுட்ரீச் என்பதில் அவ்வளவு ஆழமில்லை. ஆட்கள் நம்மிடம் வரக் காத்திராமல் அவர்கள் இருக்குமிடம் போவது. 'நாடிச் செல்லும் பணி' என்றால் போதும். செய்கை பழையது: 1878இல் இங்கிலாந்தின் சால்ஸ்பரியில் சார்லஸ் ஃப்ரையும் அவருடைய மூன்று மகன்களும் பித்தளை வாத்தியங்களோடு இரட்சணிய சேனை என்னும் கிறிஸ்தவ அமைப்பின் தெருக் கூட்டத்துக்குத் துணை நின்றார்கள். சேனையின் பாண்டு வாத்தியக் குழுக்கள் அங்கிருந்துதான் வளர்ந்தன.

எனவே அறிவிப்பை 'இசை விழாவில் நற்செய்தித் தூதுப்பணி' என்று எழுதலாம். ஆளை 'நற்செய்தித் தூதர்' எனலாம். மிஷன் ஆஸ்பத்திரி, மிஷன் பள்ளிக்கூடம் போன்றவற்றில் மட்டும் கை வைக்க வேண்டாம். அவை மக்கள் வாயில் ஊர்ப்பெயர்போல் ஊறிவிட்டன.