ஜனாதிபதிக்கு மனு போட்டால் குழாய் நிற்குமா?

விளைநிலத்தில் எரிவாயுக் குழாய் பதிக்கிறார்கள் என்றோ, வேறு நிலப் பிரச்சினை என்றோ எங்கள் ஆபீசுக்கு வருகிறவர்களின் காகிதக் கட்டைப் பிரித்தால், முதல் காகிதமே பெரும்பாலும் ஜனாதிபதிக்கு எழுதிய மனுவாக இருக்கும். பிரதமர், சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதி, கலெக்டர் என்று நகல் பட்டியல் நீளும். திருப்பூர்க்காரரான சி.பி. ராதாகிருஷ்ணன் 2025 செப்டம்பரில் துணை ஜனாதிபதி ஆனபின் அந்தப் பட்டியலில் அவரும் சேர்ந்துகொண்டார். நம்மூர்க்காரர் என்ற உரிமைதான். ஆனால் துணை ஜனாதிபதியின் அன்றாட வேலை மாநிலங்களவையை நடத்துவது. ஜனாதிபதி பதவி காலியானாலோ, அவரால் பணி செய்ய முடியாமல் போனாலோதான் அந்தப் பொறுப்பு இவரிடம் வரும்.

ஈரோடு, திருப்பூர் கோர்ட்டுகளில் சிவில் வழக்குப் பார்க்கிற எனக்கு, அந்த மனுக்களைவிட அவற்றின் தேதிதான் கவலை. டெல்லியிலிருந்து பதில் வரட்டும் என்று காத்திருந்து, ஆட்சேபம் சொல்ல வேண்டிய கெடுவைத் தவறவிட்டுவிட்டு வருகிறார்கள்.

பெருந்துறைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் சொன்னார்: "அந்தம்மா காடு மேடு பாத்து வந்தவங்கதானுங்க வக்கீலய்யா. நம்ம காயிதம் அவங்க கண்ணுல பட்டாப் போதுமுங்க."

அந்த நம்பிக்கையை வெறும் அப்பாவித்தனம் என்று ஒதுக்க முடியாது. அவர் சொன்ன 'அந்தம்மா', ஜனாதிபதி திரௌபதி முர்மு, ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்துச் சந்தால் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்தவர். நீர்ப்பாசனத் துறையில் இளநிலை உதவியாளர், பிறகு பள்ளி ஆசிரியை. 1997-இல் ராய்ரங்பூரில் கவுன்சிலர். 2000, 2004 தேர்தல்களில் எம்.எல்.ஏ.; இடையில் மாநில அமைச்சர். 2009 மக்களவைத் தேர்தலில் தோற்றார். 2015-இல் ஜார்கண்ட் ஆளுநர். அங்கே பழங்குடிகளின் நிலத்தைக் காக்கும் இரண்டு பழைய சட்டங்களைத் திருத்த அந்த மாநில அரசு மசோதா கொண்டுவந்தது. மக்கள் கொதித்தெழுந்தார்கள். 2017-இல் அந்த மசோதாக்களைத் திருப்பி அனுப்பியவர் இவர்தான்.

இப்படி வந்தவர் நம் தோப்பைப் பார்த்தால் மனமிரங்க மாட்டாரா என்று கேட்டால், இரங்கலாம். ஆனால் அரசியல் சாசனத்தின் 74-ஆவது பிரிவுப்படி ஜனாதிபதி மத்திய அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும். ஒரே ஒருமுறை 'மறுபடி யோசியுங்கள்' என்று அனுப்பலாம். அதே ஆலோசனை திரும்ப வந்தால் ஏற்றாக வேண்டும்.

நாம் கண்ணால் பார்த்த இரண்டு உதாரணம் சொல்கிறேன். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகத் தமிழக சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தத்துக்குச் சில நாட்களிலேயே ஜனாதிபதி ஒப்புதல் வந்தது. காங்கேயம் மாடு வளர்க்கிறவர்கள் இனிப்புக் கொடுத்த நாள் அது. நீட் விலக்கு மசோதா 2022-இல் இரண்டாம் முறையாக நிறைவேறியது. ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஒப்புதலோ மறுப்போ, ஜனாதிபதி பேரில்தான் வரும். முடிவெடுப்பது மத்திய அமைச்சரவை.

குழாய் விஷயம் அந்தக் கையெழுத்து வரைக்கும்கூடப் போகாது. 1962-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பெட்ரோலியம், எரிவாயுக் குழாய் பதிக்க நிலத்தில் உபயோக உரிமை எடுக்கும் அதிகாரத்தை அது மத்திய அரசுக்குக் கொடுக்கிறது. அறிவிக்கை அமைச்சகத்திலிருந்தே அரசிதழில் வந்துவிடும். மாநில அரசு தடுத்தாலும் நிற்காது என்பதை, மத்திய அரசின் எரிவாயு நிறுவனமான கெயில் குழாய் பதிக்க வந்த விவகாரத்தில் நாம் பார்த்துவிட்டோம். கோவை, திருப்பூர், ஈரோடு உட்பட ஏழு மாவட்ட விவசாயிகள் போராடினார்கள். விளைநிலத்தை விட்டுவிட்டு நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகும்படி 2013-இல் ஜெயலலிதா அரசு சொன்னது. அதே ஆண்டு உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. 2016 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டும் மாநில அரசின் அப்பீலைத் தள்ளுபடி செய்தது.

இந்தச் சட்டத்தில் உங்களுக்கு இருக்கும் முதல் வாசல் 5-ஆவது பிரிவு. அறிவிக்கை வந்து 21 நாளுக்குள், அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் எழுத்து மூலமாக ஆட்சேபம் கொடுக்க வேண்டும். நேரிலோ வக்கீல் மூலமோ உங்கள் தரப்பைக் கேட்க அவர் கடமைப்பட்டவர். ஜனாதிபதி மனு இந்த 21 நாளை ஒரு நாள்கூட நீட்டிக்காது. பதிவு செய்து சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்புவார்கள், அவ்வளவுதான். பட்டா, வழித்தடம் போன்ற மாநில விஷயமானால் சென்னை, கலெக்டர் ஆபீஸ் என்று சுற்றி, எந்தத் தாசில்தார்மேல் புகார் எழுதினீர்களோ அவர் மேசைக்கே அறிக்கை கேட்டு வரும். (அவருக்குப் படிக்க நன்றாகத்தான் இருக்கும்.)

குழாய் பதித்தாலும் நிலம் உங்கள் பேரிலேயே இருக்கும், பட்டா மாறாது. ஆனால் குழாய் போன பட்டையில் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் நடக் கூடாது. இதற்குச் சட்டம் தருவது நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். வெட்டுப்படும் மரத்துக்கும் பயிருக்கும் தனி. தென்னையை நம்பிப் பிழைக்கிறவனுக்கு இந்தப் பத்து சதவீதம் நியாயமே இல்லை என்பது என் கருத்து. அதை மாற்ற வேண்டிய இடம் பாராளுமன்றம். ஆகவே அந்த மனுவை உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள், அதில் அர்த்தம் உண்டு.

அதிகாரி நிர்ணயித்த தொகை போதாதென்றால் மாவட்ட நீதிபதியிடம் மனு செய்யலாம். அங்கே எடுபடுவது ரிக்கார்டு மட்டும். அடங்கலில், அதாவது கிராமத்துப் பயிர்க் கணக்கில், தென்னை ஏறியிருக்கிறதா என்று வி.ஏ.ஓ.விடம் இப்போதே பாருங்கள். வெறும் தரிசு என்று கிடந்தால் உடனே திருத்தச் சொல்லுங்கள். மரக் கணக்கு எடுக்க வரும் நாளில் வெளியூர் போகாமல் தோட்டத்தில் இருங்கள். காய்ப்பு மரம், பிள்ளைத் தென்னை இரண்டையும் தனித்தனியாக எழுதச் சொல்லி, படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.