ஆர்கன்: உறுப்பா, கருவியா?

ஊமைப்படங்களுக்குத் திரையரங்கில் வாசித்த கருவிக்கு ஆங்கிலத்தில் 'தியேட்டர் ஆர்கன்' என்று பெயர். அதை அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு தமிழாக்கினால் 'அரங்க உறுப்பு' என்று வந்து நிற்கும். ஆர்கன் என்றால் உறுப்பு என்று பள்ளிக்கூட அறிவியல் பாடத்திலேயே மனசில் பதிந்துவிடுகிறது. தேவாலயத்துக்குப் போகிறவர்களுக்கு அது ஓர் இசைக்கருவி. எழும்பூரில் உள்ள புனித ஆண்ட்ரூ தேவாலயத்தில் குழாய் ஆர்கனே இருக்கிறது. ஈரலுக்கும் இசைக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது? இதைக் கேட்டால்தான் சரியான தமிழ்ச் சொல்லும் கிடைக்கும்.

கிரேக்கத்தில் 'ஒர்கனொன்' என்றால் வேலை செய்ய உதவும் பொருள். வேலை என்று பொருள்படும் 'எர்கொன்' என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். உளியும் ஒர்கனொன், யாழும் ஒர்கனொன், கண்ணும் காதும் ஒர்கனொன். உயிர் தன் வேலையைச் செய்துகொள்ள உடம்பில் வைத்திருக்கும் கருவிகள் என்ற நினைப்பில் உறுப்புக்கும் அந்தப் பெயர் போனது.

இதைப் படிக்கும்போது தமிழ் தெரிந்தவருக்கு ஒரு சொல் தானாக நாக்கில் வரும்: கருவி. தச்சர் கையில் இருப்பதும் கருவி, மேடையில் ஒலிப்பதும் இசைக்கருவி. 'கருவி கரணங்கள்' என்று சைவர்கள் சொல்லும்போது அது புலன்களையும் மனத்தையும் குறிக்கிறது. 'பொறி' என்ற சொல்லிலும் இந்த விரிவு உண்டு. 'கோளில் பொறியின் குணமிலவே' என்ற குறளில் அது ஐம்பொறி; பொறியாளர் என்னும்போது அது எந்திரம். கிரேக்கர் ஒரே சொல்லில் பார்த்த ஒற்றுமையைத் தமிழும் தனியாகவே பார்த்திருக்கிறது. எனக்கு இந்தச் சொல்லின் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பொதுச் சொல் ஒரு கருவிக்கு மட்டும் பெயராகச் சுருங்கியது எப்போது? கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் க்டெசிபியஸ் என்பவர், நீரின் அழுத்தத்தால் காற்றைச் சீராக்கிக் குழல்களை ஒலிக்க வைக்கும் கருவி ஒன்றைச் செய்தார். ஆர்கன் வம்சத்தின் மூதாதை அதுதான். அப்புறம் 600 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து கிறிஸ்தவ ஞானி அகஸ்டின் எழுதுகிறார்: துருத்தியால் ஊதப்படும் அந்தப் பெரிய கருவி மட்டுமல்ல, எல்லா இசைக்கருவிகளுமே 'ஒர்கனா'தான் என்று. இப்படி எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், மக்கள் வாயில் சொல் அதற்குள் சுருங்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நம்மிடமும் இது நடந்திருக்கிறது. நாடக மேடைப் பேச்சில் 'பெட்டி வாசிக்கிறார்' என்றால் ஆர்மோனியத்தைத் தவிர வேறு பெட்டி யார் நினைவுக்கும் வராது.

விவிலியத்தில் ஒரு வேடிக்கையான சந்திப்பு உண்டு. ஆதியாகமம் 4ஆம் அதிகாரத்தில் யூபால் என்பவன் இசைக்காரர்களின் தகப்பன். பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு அந்த வசனத்தில் 'ஆர்கன்' என்று போட்ட இடத்தில், தமிழ் வேதாகமத்தில் 'நாகசுரக்காரர்' என்று இருக்கிறது. 150ஆம் சங்கீதத்தில் அதே சொல்லுக்குத் 'தீங்குழல்' என்று வருகிறது. ஆக, ஆர்கன் நிற்கும் இடத்தில் காற்றால் ஒலிக்கும் ஒன்றை, ஒரு குழலை வைக்கலாம் என்பதற்கு நம் மொழியிலேயே முன்மாதிரி இருக்கிறது.

சரி, தியேட்டர் ஆர்கனுக்கு வருவோம். பிரிட்டனில் இதையே 'சினிமா ஆர்கன்' என்பார்கள். இதன் மூளை ராபர்ட் ஹோப்-ஜோன்ஸ். இங்கிலாந்தில் தொலைபேசி நிறுவனத்தில் மின்பொறியாளராக இருந்தவர், 1903இல் அமெரிக்கா போனார். 1910இல் அவருடைய தொழில் உர்லிட்சர் என்ற இசைக்கருவி நிறுவனத்தின் கைக்கு மாறியது. நியூயார்க் மாநிலத்தின் வடக்கு டோனவாண்டா ஆலையில் இருந்து 2,000க்கும் மேற்பட்ட தியேட்டர் ஆர்கன்கள் வெளிவந்தன. ஹோப்-ஜோன்ஸ் 1914இலேயே இறந்துபோனார். அந்தப் பெருக்கத்தை அவர் பார்க்கவில்லை.

தொலைபேசிக்காரர் என்பது இங்கே முக்கியம். பழைய ஆர்கனில் விரலால் கட்டையை ('கீ') அழுத்தினால் மரச்சட்டங்கள் வழியாக அந்த அசைவு குழல்வரை போகும். ஹோப்-ஜோன்ஸ் நடுவில் கம்பியை வைத்தார். விரல் கட்டையைத் தொட்டதும் சின்ன மின்சாரம் ஓடுகிறது. ஒரு காந்தம் நெல்மணி அளவு வழியைத் திறக்கிறது. அதன் வழியே காற்று வெளியேற, மெல்லிய தோல் பை ஒன்று சுருங்கிக் குழலின் வாயைத் திறந்துவிடுகிறது. இத்தனையும் கண் இமைக்கும் நேரத்தில். அதனால் வாசிப்பவர் ஓர் இடத்திலும் குழல்கள் வேறிடத்திலும் இருக்கலாம். அரங்கில் கண்ணுக்குத் தெரிவது குதிரைலாட வடிவத்தில் வளைந்த வாசிப்பு மேசை மட்டும்தான். குழல்கள் சுவருக்குப் பின்னால், தனி அறைகளில் நிற்கும். அறையின் முகப்பில் சன்னல் சட்டங்கள் மாதிரிப் பலகைகள். காலால் அவற்றைத் திறந்து மூடி ஒலியைக் கூட்டலாம், குறைக்கலாம்.

இன்னொரு வித்தியாசம், ஒரே குழல்வரிசையைப் பல சுருதிகளிலும் பல கட்டை வரிசைகளிலும் ஒலிக்க விடுவது. பத்து வரிசைக் குழலை வைத்துக்கொண்டு பெரிய வாத்தியக் குழு இருப்பது போல வாசிக்க முடிந்தது இதனால்தான். உர்லிட்சர் இதற்கு வைத்த பெயரே 'யூனிட் ஆர்க்கெஸ்ட்ரா'.

அந்த அறைக்குள் குழல் மட்டுமா இருக்கிறது? நிஜமான பறை, ஜால்ரா, மணி, சைலபோன், சிலவற்றில் ஒரு முழுப் பியானோ. எல்லாவற்றையும் காற்றே அடிக்கிறது. அப்புறம் படத்துக்கான சத்தங்கள்: ரயில் ஊதல், கதவு மணி, கார் ஹாரன், கொட்டாங்குச்சி மாதிரிக் கிண்ணங்கள் தட்டும் குதிரைக் குளம்பொலி. பறவைக் கூவலுக்குச் சின்னக் குழலைத் தலைகீழாகத் திருப்பி, அதன் வாயைத் திரவத்துக்குள் வைத்திருப்பார்கள். காற்று குமிழியிட்டு வரும்போது கிளி கொஞ்சுவது போலவே கேட்கும்.

நம் பழைய பகுப்பில் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று உண்டு. நான்கும் ஒரே கூரையில் அடங்கிய கருவி இது. 'பெட்டி' என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு வீட்டளவு உள்ளதைப் பெட்டிக்குள் அடைக்க முடியாது. 'இசைப்பேழை'க்கும் அதே குறை. 'திரையரங்கக் குழற்கருவி' என்பதே பொருத்தம். சுருக்கமாகக் 'குழற்கருவி' என்றாலும், சந்தர்ப்பத்தில் புரியும். 'கீ'க்குக் கட்டை, காற்றுப் பைக்குத் துருத்தி என்று ஆர்மோனியம் ஏற்கெனவே நமக்குச் சொல் கொடுத்திருக்கிறது. அந்தச் சொற்களை விட்டுவிட்டுப் புதிதாக உருவாக்கவே கூடாது என்பது என் கட்சி.

வாசிக்கும் வேலைக்கு என்ன பெயர்? 'பின்னணி இசை' என்றால் பதிவு செய்து ஒட்டிய இசைதான் நினைவுக்கு வரும். ஊமைப்படத்துக்கு இருட்டில் உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடி, அந்த நேரத்திலேயே வாசிப்பது வேறு. எந்தக் காட்சிக்கு எந்த மெட்டு என்று படத்தோடு குறிப்புத்தாள் வரும், வராவிட்டால் மனோதர்மம். 1924இல் திரையரங்க இசைக்குழு நடத்துநர் எர்னோ ராப்பே தொகுத்த இசை நூலில், பக்கத்துக்குப் பக்கம் ஓரத்திலேயே தாலாட்டு, துரத்தல், தீயணைப்பு, இறுதிச் சடங்கு என்று 52 மனநிலைகள், சூழல்களின் பட்டியல் அச்சிட்டிருக்கும். கை வாசித்துக்கொண்டே கண் அடுத்த பக்கத்தைத் தேட. முதன்மை திரைக்கு; அதன் மூச்சுக்கு ஏற்பத் துணை போவதே வாசிப்பவரின் வேலை. நம் கச்சேரியில் இதற்குப் பெயர் பக்கவாத்தியம். அதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை. நம் ஊர்க் கொட்டகைகளில் ஆர்மோனியமும் தபேலாவும் இதே வேலையைத்தான் பார்த்தன; பக்கத்தில் கதை சொல்லவும் ஒருவர் நின்றார்.

1927க்குப் பிறகு படம் பேசத் தொடங்கியதும் இந்தக் கருவிகளுக்கு வேலை போயிற்று. சில தேவாலயங்களுக்கு விற்கப்பட்டன, பல உதிரி உதிரியாகக் கழற்றப்பட்டன. மிஞ்சியவற்றைக் காப்பாற்ற 1955இல் லாஸ் ஏஞ்சலஸில், ரிச்சர்ட் சைமன்டன் வீட்டில் கூடியவர்கள் தொடங்கியதுதான் இன்றைய அமெரிக்கத் தியேட்டர் ஆர்கன் சங்கம். அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட சொல் 'என்தூசியாஸ்ட்'. கிரேக்கத்தில் அதன் பொருள் உள்ளே தெய்வம் புகுந்தவர். நாம் அருள் வந்தவர் என்போமே, அது. தமிழில் 'ரசிகர்' போதாது, ரசிகர் கேட்டுவிட்டுப் போகலாம். 'ஆர்வலர்' என்பதே சரி. 'ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்' என்ற குறளில் அந்தச் சொல்லுக்கு அன்புடையவர் என்று பொருள்.

இந்த ஆர்வலர்களின் வேலை பெரும்பாலும் தோல் வேலை. குழலின் வாயைத் திறக்கும் அந்தத் தோல் பைகள் சில பத்தாண்டுகளில் காய்ந்து வெடித்துவிடும். ஒரு கருவியில் அவை ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றையும் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதுத்தோலை வட்டமாக வெட்டி ஒட்டி, காய விட்டு, வாயால் ஊதிப் பார்த்து, மறுபடி பொருத்துகிறார்கள்.