ஹெட்போனுக்குள் யார் பேசுகிறார்கள்?

வளரிளம் பருவத்தினருக்கு மனநல ஆலோசனை தருவது என் வேலை. போன் விளையாட்டைப் பற்றிக் கவலைப்பட்டு வரும் பெற்றோரில் பெரும்பாலோர் கையில் ஒரே கணக்குதான் இருக்கும்: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம். நானும் பல வருடங்கள் அதைத்தான் முதல் கேள்வியாகக் கேட்டேன்.

ஒரு பதினான்கு வயதுப் பையன் அந்தப் பழக்கத்தை மாற்றினான். அவன் ஆடியது தினம் ஒன்றரை மணி நேரம்தான், படிப்பிலும் குறையில்லை. ஆனால் ஒரு சமூகத்து மக்களைப் பற்றி அவன் பேசிய வெறுப்புப் பேச்சு, அந்த வீட்டில் யாருமே பேசாத பேச்சு. மெல்ல விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. நான்கு பேர் சேர்ந்து ஆடும் ஸ்குவாடில் ஒருவர் வயதில் பெரியவர். ஆட்டத்துக்கு நடுவே வாய்ஸ் சாட்டில் அரசியல் பேசுவாராம். "நான் அடிபட்டு விழுந்தா அந்த அண்ணாதான் ஓடி வந்து தூக்கிவிடுவார்" என்றான். இரவுதோறும் தன்னைக் காப்பாற்றுகிறவரின் பேச்சை ஒரு பிள்ளை எப்படிச் சந்தேகிக்கும்? மேடைப் பேச்சைக் கேட்டு வருகிற நம்பிக்கை இல்லை இது, தோளோடு தோள் நின்றதில் வருவது.

விளையாட்டு இன்று பொது இடமாகிவிட்டது. 2020 ஏப்ரலில், கொரோனா காலத்தில், ஹாங்காங் போராட்டக்காரர்கள் 'அனிமல் கிராசிங்' என்ற சாதுவான தீவு விளையாட்டுக்குள் முழக்கப் பதாகைகளை வைத்தார்கள். சில நாட்களிலேயே சீன இணையக் கடைகளில் அந்த விளையாட்டு கிடைக்காமல் போனது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜோ பைடனின் பிரசாரக் குழு அதே விளையாட்டுக்குள் தேர்தல் பிரசாரப் பலகைகளை வெளியிட்டது. எல்லாவற்றையும் விட என்னை யோசிக்க வைத்தது நேபாளம். 2025 செப்டம்பரில் அங்கே அரசு கவிழ்ந்தபோது, அடுத்து யார் என்று இளைஞர்கள் டிஸ்கார்டில் கூடி விவாதித்து வாக்களித்தார்கள். கேம் ஆடுகிறவர்கள் பேசிக்கொள்வதற்காக 2015இல் தொடங்கிய செயலி அது. அவர்கள் முன்னிறுத்திய முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்க்கி சில நாட்களில் இடைக்காலப் பிரதமரானார். இளைஞர்களின் குரல் எடுபட்டது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அப்புறம் ஒரு கேள்வியும் வருகிறது: லிங்க் இருந்தால் யாரும் நுழையக்கூடிய அந்த அரங்கில் வாக்களித்தவர்கள் எல்லோரும் அந்த நாட்டவர்தானா என்று எப்படிச் சரிபார்ப்பது?

அரசுகளும் பெற்றோரைப் போல நேரத்தைத்தான் பிடித்துக்கொள்கின்றன. தென் கொரியா 2011இல், 16 வயதுக்குக் கீழானவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை ஆன்லைனில் ஆடக் கூடாது என்றது. பிள்ளைகள் அந்தச் சட்டத்துக்குள் வராத மொபைலுக்கு மாறினார்கள். பத்து ஆண்டு கழித்து அரசே அதைக் கைவிட்டது. சீனா 2021இல், 18 வயதுக்குக் கீழானவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும் இரவு 8 முதல் 9 வரை என்று விதித்தது. பெரியவர்களின் கணக்கில் பிள்ளைகள் நுழைவதைத் தடுக்க, இரவில் ஆடுபவரின் முகத்தை ஸ்கேன் செய்யும் முறையை டென்சென்ட் என்ற சீன கேம் நிறுவனம் கொண்டுவந்தது. ஒரு விளையாட்டுக்காக முகத்தையே ஒப்படைக்கச் சொல்வது சின்ன விஷயம் இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றிருக்கிறது. கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட ஆட்டமே முக்கியமாவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இவைதான் அதன் அடையாளங்கள். இத்தனை மணி நேரம் என்று ஒரு எல்லை அதில் கிடையாது.

அதனால் இப்போது நான் முதலில் கேட்பது, "யாரோடு ஆடுகிறாய்?" என்றுதான். பெற்றோரிடம் இரண்டு விஷயம் சொல்வேன். போனைப் பிடுங்காதீர்கள், பிடுங்கினால் பேச்சும் நின்றுவிடும். வீட்டின் நடுவே, ஹெட்போன் இல்லாமல், ஸ்பீக்கரில் ஆடட்டும். எரிச்சலாகத்தான் இருக்கும், சரி, சில வாரங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆட்டமாவது நீங்களும் ஆடிப் பாருங்கள்.

அந்தப் பையன் வீட்டில் அப்படித்தான் செய்தார்கள். ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் கேட்ட மூன்றாம் நாள் அந்த அண்ணா ஸ்குவாடை விட்டுப் போய்விட்டார். பையன் உடைந்து போனான். அடுத்த இரண்டு அமர்வுகளிலும் அந்தப் பிரிவைப் பற்றி மட்டும்தான் பேசினோம்.