பக்கவாதத்துக்குப் பின் பேச்சு: எதைச் சோதிக்கிறோம், தொலைவிலிருந்து எதைச் செய்ய முடியும்

பக்கவாதம் வந்து மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் ஒருவருக்குக் கை, கால் அசைவுக்கான பிசியோதெரபியை எங்கே, எப்படித் தொடர வேண்டும் என்பது பெரும்பாலும் அங்கேயே சொல்லப்பட்டுவிடுகிறது. பேச்சைப் பற்றிக் கேட்டால் மட்டும் "போகப் போகச் சரியாகிவிடும்" என்ற ஆறுதலோடு குடும்பம் கிளம்பிவிடுகிறது. ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து அவர்கள் பேச்சுப் பயிற்சி தரும் எங்களைத் தேடி வரும்போது, நோயாளி பேச முயல்வதையே விட்டிருப்பார். அவருக்காக மற்றவர்கள் பேசிப் பழகியிருப்பார்கள். மூளை தன்னைச் சீரமைத்துக்கொள்ளும் வேகம் முதல் சில மாதங்களில்தான் மிகுதி. அந்தக் காலம் கடந்தவர்களுக்கும் முன்னேற்றம் உண்டு, ஆண்டுகள் கழித்தும் உண்டு. ஆனால் உடல்நிலை சீரான பிறகும் பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போடுவதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. "எங்கள் ஊரில் ஸ்பீச் தெரபிஸ்ட் இல்லை" என்று குடும்பங்கள் சொல்வதும் இப்போது பெரிய தடையாக இருக்க வேண்டியதில்லை.

"பேச்சு வரவில்லை" என்று குடும்பத்தினர் சொல்லும் ஒரே வாக்கியத்துக்குள் வெவ்வேறு கோளாறுகள் இருக்கக்கூடும். வாய், நாக்கு, தொண்டைத் தசைகள் தளர்ந்தோ இறுகியோ போவதால் பேச்சு குழறுவது டிசார்த்ரியா. இதில் மொழி அப்படியே இருக்கும், சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக் காட்டவும் முடியும். தசையில் பலம் இருந்தும் எந்த ஒலிக்குப் பின் எந்த ஒலி என்று மூளை வாய்க்கு இடும் ஒழுங்கு குலைவது பேச்சு அப்ராக்சியா. மொழியே பாதிக்கப்படுவது அஃபேசியா. பேசுவது, புரிந்துகொள்வது, படிப்பது, எழுதுவது எல்லாம் வெவ்வேறு அளவில் இதில் அடிபடும். பாரிஸின் பிசெத்ர் மருத்துவமனையில் "தான்" என்ற ஒரே ஒலியை மட்டும் சொல்லிவந்த லெபோர்ன் என்ற நோயாளியைப் பற்றி, 1861-இல் பால் புரோக்கா என்ற மருத்துவர் விவரித்தார். பிறர் சொல்வதில் பெரும்பகுதியைப் புரிந்துகொண்டு சைகையால் பதில் தந்தவர் லெபோர்ன். அதன் பின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கடந்தும், அஃபேசியா வந்தவரைப் "புத்தி தடுமாறிவிட்டது" என்று அவர் காதுபடவே பேசுவது நம் வீடுகளில் நிற்கவில்லை. இதைவிட அவரை வருத்துவது வேறொன்றும் இருக்காது என்றே நினைக்கிறேன்.

மதிப்பீடு என்பது நோயாளியைக் கேள்வி கேட்டு மதிப்பெண் போடுவது மட்டுமன்று. தடையின்றிப் பேசுவது, கேட்டுப் புரிவது, சொன்னதைத் திருப்பிச் சொல்வது, பொருளைப் பார்த்துப் பெயர் சொல்வது ஆகிய நான்கையும் தனித்தனியே பார்த்தால்தான் அஃபேசியாவின் வகை தெரியும். தமிழில் இதைச் செய்யும்போது சில கவனங்கள் கட்டாயம். கேள்விகள் நோயாளி வீட்டில் பேசும் தமிழில் இருக்க வேண்டும், "தாங்கள் எவ்விடத்தில் வசிக்கிறீர்கள்?" என்ற நடையில் கேட்டுவிட்டு, அவருக்குப் புரியவில்லை என்று குறித்துவைப்பது தவறான முடிவைத் தரும். பக்கவாதத்துக்கு முன்பும் அவர் ழகரத்தை ளகரமாகவே ஒலித்தவராக இருந்தால், அதைக் குறையாக எழுதக் கூடாது. பள்ளிக்கூடம் போகாதவரிடம் வாசிப்புச் சோதனை எதையும் சொல்லாது. கடையில் தெலுங்கும் வீட்டில் தமிழும் பேசியவராக இருந்தால் இரண்டையும் சோதிக்க வேண்டும், ஏனெனில் இரு மொழிகளும் ஒரே அளவில் பாதிக்கப்படும் என்றோ ஒரே வேகத்தில் திரும்பும் என்றோ சொல்ல முடியாது.

குடும்பத்தினர் அடிக்கடி ஏமாந்துபோகும் இடங்கள் இரண்டு. எதைக் கேட்டாலும் தலையாட்டுவதால் "எல்லாம் புரிகிறது" என்று நம்பிவிடுவது ஒன்று. "சாப்பிட்டாச்சா?" என்பதற்கும் சற்று நேரம் கழித்து "இன்னும் சாப்பிடலையா?" என்பதற்கும் ஒரே தலையசைப்பு வந்தால், அந்த 'ஆமாம்' நம்பத்தக்கதன்று. மற்றொன்று, ஒன்று முதல் பத்து வரை எண்ணுவதையும் ஞாயிறு, திங்கள் என்று வரிசையாகச் சொல்வதையும் கந்த சஷ்டி கவசத்தைத் தொடர்ந்து பாடுவதையும் பார்த்து, மனது வைத்தால் இவரால் பேச முடியும், பிடிவாதம் பிடிக்கிறார் என்று கோபப்படுவது. பல்லாண்டுகளாகப் பழகி வரிசையாக வருபவை ஒரு வழியில் வெளிவருகின்றன. "தண்ணி வேணும்" என்று நினைத்துச் சொல்வதற்கு வேறு வழி தேவைப்படுகிறது. முதல் வழி திறந்திருப்பதைப் பயிற்சிக்குப் பயன்படுத்துவோம். பாடச் சொல்லி, ராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பேச்சாக்கும் முறை 1970-களிலிருந்தே உண்டு.

இவற்றையெல்லாம் காணொளி அழைப்பில் செய்ய முடியுமா என்பதே பலரும் கேட்பது. மொழித் திறன்களில் பெரும்பாலானவற்றைச் செய்யலாம். படங்களைத் திரையில் காட்டிப் பெயர் கேட்கலாம், வீட்டுப் பொருள்களையே எடுத்துவரச் சொல்லிச் சோதிக்கலாம். இன்னும் சொல்லப்போனால், சமையலறையில் மனைவியோடு அவர் எப்படிப் பேச முயல்கிறார் என்பதை மருத்துவமனை அறையைவிடத் தெளிவாக அங்கே காண்கிறோம். குரல் சோதனையில்தான் சிக்கல். மூச்சை இழுத்து 'ஆ' என்று நீட்டிச் சொல்லச் சொன்னால், அழைப்புச் செயலியிலுள்ள இரைச்சல் நீக்கும் வசதி அந்த 'ஆ'வையே மின்விசிறிச் சத்தம் போன்றதென்று கருதி அறுத்துவிடும். குரலின் உரப்பும் அப்படித்தான். செயலி தானாகவே ஒலியைக் கூட்டிக் குறைப்பதால், மெல்லப் பேசுபவரும் இங்கே உரக்கக் கேட்பார். அதனால் இரைச்சல் நீக்கத்தை அணைக்கச் சொல்கிறோம். மற்றொரு கைப்பேசியை வாயிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் பதிவு செய்து அனுப்பச் சொல்கிறோம். பெயர் சொல்ல எத்தனை வினாடி ஆனது என்ற கணக்கையும் இணைய வேகம் குறைந்த இடத்தில் நம்புவதில்லை. அருகில் வீட்டார் ஒருவர் இருப்பது அவசியம், ஆனால் அவர் பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது.

விழுங்குவதில் சிரமம் இருந்தால் நேரில் காட்டியே ஆக வேண்டும். உணவோ நீரோ மூச்சுக்குழாய்க்குள் போனாலும் சிலருக்கு இருமல்கூட வராது. திரை வழியாக அதைக் கண்டுபிடிக்க இயலாது, பின்விளைவோ நிமோனியா. திடீரெனப் பேச்சு குழறினாலோ வாய் கோணினாலோ அது எங்கள் வேலையே அன்று. உடனே 108-ஐ அழையுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை, அறிகுறி தொடங்கியதிலிருந்து பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும்.

பக்கவாதம் இல்லாமல் குரல் மட்டும் கம்மி, நான்கு வாரத்துக்குள் சரியாகாவிட்டால் முதலில் இ.என்.டி. மருத்துவரிடம் குரல்வளையைப் பார்த்துக்கொள்ளுங்கள். புகைபிடிப்பவர் அதுவரையும் காத்திருக்கக் கூடாது. குரல் நாணை இயக்கும் இடப்பக்க நரம்பு மார்புக்குள் இறங்கிச் சுற்றி மேலே வருவதால், நுரையீரல் நோய்கூடக் குரல் கம்மலாக வெளிப்படலாம். குரல் நாணில் இருப்பது என்னவென்று தெரியாமல் தொலைவிலிருந்து குரல் பயிற்சி தொடங்க நான் ஒப்புக்கொள்வதில்லை. தெரிந்த பிறகு, குறிப்பாக ஆசிரியர்களுக்கு வரும் குரல் முடிச்சுகளுக்கு, காணொளிப் பயிற்சி நன்கு உதவுகிறது. பார்கின்சன் நோயால் குரல் தாழ்ந்தவர்களுக்கு நான்கு வாரங்களில் 16 அமர்வுகளாக உரக்கப் பேசப் பழக்கும் எல்.எஸ்.வி.டி. முறையை இணையவழியில் அளித்தபோதும் பலன் குறையவில்லை என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்டனர்.

அஃபேசியாவுக்கு எவ்வளவு பயிற்சி வேண்டும்? பல நாட்டு ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2022-இல் வெளிவந்த பகுப்பாய்வில், மொத்தம் 20 முதல் 50 மணி நேரம் பயிற்சி பெற்றவர்களிடமே பெரிய முன்னேற்றம் காணப்பட்டது. மாதம் ஒருமுறை நகரத்துக்குக் காரில் அழைத்து வந்து போவதால் இந்த அளவை எட்டுவது கடினம். ஒருமுறை நேரில் முழு மதிப்பீடு, பிறகு வாரத்தில் சில நாட்கள் காணொளியில் பயிற்சி, இடைப்பட்ட நாட்களில் வீட்டில் பயிற்சி என்று கலந்து செய்வதே நான் பரிந்துரைப்பது. வீட்டில் அவரிடம் சிறு சிறு வாக்கியங்களாகப் பேசுங்கள், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள், "காபியா, டீயா?" என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள், பதிலுக்கு நேரம் கொடுங்கள். குழந்தையிடம் பேசும் குரலில் மட்டும் பேசாதீர்கள்.

இணையத்தில் பயிற்சி தருவதாக விளம்பரம் செய்பவரிடம், இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்த எண்ணைக் கேளுங்கள். தகுதி பெற்றவர் தயங்காமல் தருவார். அஃபேசியாவாலோ குரல்வளையை அறுவை செய்து நீக்கியதாலோ ஏற்படும் நிரந்தரப் பேச்சுக் குறைபாடு, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. கை, காலில் குறை இல்லாததால் சான்றிதழ் கிடைக்காது என்று நினைத்து விண்ணப்பிக்காமலே இருப்பவர்கள் உள்ளனர். பயிற்சிக்குப் பிறகும் குறைபாடு நீடித்தால், மதிப்பீட்டு அறிக்கையோடு அரசு மருத்துவமனையை அணுகி விண்ணப்பியுங்கள்.